காலடி மண்ணின் ஆழமும் ஆற்காடு மொஹ்சின் ஹுசைனும்

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் இரவைப் புதுச்சேரிவாசிகள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். மணி எட்டரையை நெருங்கிக்கொண்டிருந்தது. இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பி, பலர் உணவுக்கு அமர்ந்திருந்த வேளை. அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசின. தொங்கிய விளக்குகள் தாமாக ஆடின. முல்லா வீதியிலும் சந்தா சாகிப் வீதியிலும் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து நின்றனர். அவ்வாண்டு ஜனவரியில்தான் குஜராத்தின் புஜ் நகரம் இடிந்து வீழ்ந்திருந்தது. அந்தப் படங்கள் எல்லோர் கண்ணிலும் இருந்தன. உதடுகளில் கலிமாவும் இஸ்திஃபாரும். புதுச்சேரிக்கு அப்பால் வங்கக் கடலின் அடியில் 5.5 என்னும் அளவில் நிகழ்ந்த நிலநடுக்கம் அது என்பது பிறகு தெரிந்தது.

சில நொடிகளில் அடங்கிவிட்ட அந்த அதிர்வு, வாழ்நாள் முழுவதும் நாம் கேட்காத ஒரு கேள்வியை எழுப்பிவிட்டுச் சென்றது. நாம் நிற்கும் இந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது? மனிதன் இறங்கிப் பார்க்க முடியாத அந்த ஆழத்தை யார், எவ்வாறு அறிந்தார்கள்? விடையைத் தேடினால், அதில் கணிசமான பகுதி நம் நாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நாம் ஏறக்குறைய மறந்துவிட்ட, ஆற்காட்டைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கைவினைஞரின் பெயரும் அந்த வரலாற்றில் இருக்கிறது.

நம் ஊர் மண்

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். நகரின் கிழக்கே கடற்கரை மணல்; மேற்கே சற்று நகர்ந்தால் செம்மண் மேடுகள். அந்தச் செம்மண்ணுக்கு அடியில் இருக்கும் மணற்பாறையைப் புவியியலார் கடலூர் மணற்பாறை என்பர். புதுச்சேரிக்கு ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவிலுள்ள திருவக்கரையில் அந்த மணற்பாறைக்குள் மரங்களே கல்லாகிக் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என மதிப்பிடப்படும் அம்மரங்களை 1781இல் பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னரா குறிப்பிட்டு எழுதினார். இன்று அவ்விடம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியக் கல்மரப் பூங்கா.

வழுதாவூர்ப் பக்கம் போனால் இன்னும் பழைய ஏடு திறக்கும். அங்குள்ள பாறைகளில் கடற்கிளிஞ்சல்களும், நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட்டுகளும் பதிந்திருக்கின்றன. கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் திரட்டிய இத்தகைய படிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து வெளியிட்டார். நெல் விளையும் அந்த நிலம் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது.

ஆயினும் இவையெல்லாம் மேற்தோல் மட்டுமே. மனிதன் துளைத்த மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அதன் ஆழம் 12,262 மீட்டர். பூமியின் மையமோ 6,371 கி.மீ. கீழே இருக்கிறது. அதாவது நாம் துளைத்தது ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சிய அனைத்தையும் மேற்பரப்பில் நின்றுகொண்டே, அளந்தும் கணக்கிட்டும் அறிய வேண்டியிருந்தது.

அளவையில் தொடங்கிய அறிவு

அந்த அளவையின் பழைய பெயர்களுள் ஒன்று அல்பீரூனி. 11ஆம் நூற்றாண்டில், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டையில் நின்று, ஒரு மலையின் உயரத்தையும் அதன் உச்சியிலிருந்து தொடுவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் கொண்டு அவர் பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். கங்கைச் சமவெளியின் மண்ணையும் உருண்டைக் கற்களையும் கவனித்து, அந்நிலம் ஒருகாலத்தில் கடலாக இருந்து ஆற்று வண்டலால் தூர்ந்திருக்க வேண்டும் என்று எழுதியவரும் அவரே. மணிகளையும் உலோகங்களையும் நிறுத்து, ஒரே பருமனில் எது எவ்வளவு கனக்கிறது என்னும் ஒப்படர்த்தியை வியக்கத்தக்க துல்லியத்துடன் அவர் அட்டவணைப்படுத்தினார்.

நகைக்கடைக்காரர்களுக்கு உதவும் இந்த ஒப்படர்த்திதான் பூமியின் உள்ளேயும் முதல் வெளிச்சத்தைப் பாய்ச்சியது. 1798இல் இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ், ஈயக் குண்டுகளின் ஈர்ப்பை நுட்பமான தராசில் அளந்து, பூமி முழுவதன் சராசரி அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று கண்டார். நம் காலடியிலுள்ள பாறைகளோ நீரைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கே கனக்கின்றன. அப்படியானால் உள்ளே மிகக் கனமான ஏதோவொன்று இருந்தாக வேண்டும். தங்கத்தில் கலப்பு உண்டா என்று எடையைக் கொண்டே அறியும் வழியை ஒத்தது இது.

பரங்கிமலையிலிருந்து இமயம் வரை

1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி ஓர் அடித்தளக் கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்து செல்வது திட்டம். அதற்கு வேண்டிய அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் கருவி இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி மொரீஷியஸ் கொண்டுபோகப்பட்டது. போர் நடந்துகொண்டிருந்தபோதிலும், அறிவியல் கருவி என்பதால் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். புதுச்சேரிக்காக இரு நாடுகளும் மாறி மாறிச் சண்டையிட்ட காலத்தில் நடந்த கண்ணியமான செயல் இது.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அந்தக் கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதன் வட்டத் தகட்டை லாம்டன் பல வாரம் உழைத்துத் தம் கையாலேயே நிமிர்த்தினார். 1823இல் அவர் இறந்தபின் பணி ஜார்ஜ் எவரெஸ்டின் பொறுப்புக்கு வந்தது. குமரிமுனையிலிருந்து இமய அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கி.மீ. நீண்ட அந்தப் பெருவில் 1841இல் நிறைவுற்றது.

இத்தகைய பணியில் கருவியே உயிர். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், மாட்டு வண்டியில் குலுங்கும் பித்தளைக் கருவிகள் ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கான விகலையைக் கூடப் பிழையின்றிக் காட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் நம் கதையின் நாயகர் வருகிறார்.

ஆற்காட்டிலிருந்து ஒருவர்

ஆற்காடு நமக்கு அந்நியமான ஊரன்று. 1740இல் மராட்டியப் படை கர்நாடகத்துக்குள் நுழைந்து நவாப் தோஸ்த் அலி கான் போரில் வீழ்ந்தபோது, நவாபின் குடும்பத்தாரும் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் அடைக்கலம் புகுந்தது புதுச்சேரிக் கோட்டையில்தான். சந்தா சாகிபின் பெயரை நம் நகரத்து வீதி இன்றும் சுமக்கிறது. நவாபுகளின் பெயர் வீதியில் நிலைத்தது. அதே ஆற்காட்டிலிருந்து சென்ற ஒரு கைவினைஞரின் பெயர் நிலைக்கவில்லை.

அவர் சையித் மீர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் நகைத் தொழிலைச் சார்ந்து பணியாற்றி வந்தவர். இந்தியத் தலைமை அளவையாளராக இருந்த வாலண்டைன் பிளாக்கர் அவருடைய கைத்திறனைக் கண்டு, 1820களில் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்று அளவைத் துறையின் கருவிகளைப் பேணும் வேலையில் அமர்த்தினார். பிறகு எவரெஸ்ட் இங்கிலாந்திலிருந்து ஹென்றி பாரோ என்னும் கருவி வல்லுநரை வரவழைத்தபோது, மொஹ்சின் அவருடன் சேர்ந்து உழைத்தார். பழுதுபட்ட கருவிகளைப் பிரித்து, தேய்ந்த உறுப்புகளைப் புதிதாகச் செய்து, கோண அளவைக் கோடுகளைச் சீர்படுத்தித் தந்தார்.

பாரோ விலகிய பின் அப்பதவிக்கு மற்றோர் ஆங்கிலேயரை வரவழைக்க வேண்டியதில்லை என்று எவரெஸ்ட் கருதினார். 1843இல், கணிதக் கருவி செய்பவர் என்னும் பொறுப்பு மொஹ்சின் ஹுசைனுக்கே வந்தது. எளிதில் எவரையும் புகழாதவர் என்று பெயரெடுத்த எவரெஸ்ட், மொஹ்சினின் அறிவுக்கூர்மையைத் தம் எழுத்தில் மனமாரப் பாராட்டியிருக்கிறார். கணக்கிடும் பிரிவில் வங்காளத்தின் ராதாநாத் சிக்தாரும், கருவிப் பட்டறையில் ஆற்காட்டின் மொஹ்சினுமாக, அந்தப் பெரும்பணியின் இரு தூண்கள் இந்நாட்டு மனிதர்கள்.

ஐந்து விகலைப் பிழை

வடக்கே கலியானா, தெற்கே கலியான்பூர் என இரு நிலையங்கள். இடையே ஏறத்தாழ 600 கி.மீ. கலியானா இமய அடிவாரத்தை நோக்கிய சமவெளியில், முசாஃபர்நகருக்கு அருகில் உள்ளது; கலியான்பூர் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ளது. இவ்விரண்டுக்கும் உள்ள அட்சரேகை வேறுபாட்டை இரு வழிகளில் கண்டார்கள். ஒன்று, நிலத்தில் முக்கோணங்களால் அளப்பது. மற்றொன்று, விண்மீன்களைப் பார்த்துக் கணிப்பது. இரு விடைகளும் ஒத்திருக்க வேண்டும். ஆனால் 5.236 விகலை இடித்தது. நிலத்தில் அது ஏறத்தாழ 160 மீட்டர்.

எவரெஸ்ட் இதனைக் கணக்கில் ஏறிய பிழையாகவே கருதி, பகிர்ந்து சரிக்கட்டினார். 600 கி.மீ. தொலைவில் 160 மீட்டர் என்ன பெரிது என்று நாமும் கேட்கக்கூடும். ஆனால் கருவிகள் அவ்வளவு தவறக்கூடியவை அல்ல என்று துணிந்து, காரணத்தை வேறிடத்தில் தேடினார் ஒருவர். கல்கத்தாவில் ஆர்ச்டீக்கன் பதவியிலிருந்த கிறித்தவ மதகுருவும் கணித அறிஞருமான ஜான் ஹென்றி பிராட் அவர்.

விண்மீன்களைப் பார்த்து அட்சரேகை காண, நேர் செங்குத்து எது என்பது தெரிய வேண்டும். அதைக் காட்டுவது தூக்குக்குண்டு. சுவர் எழுப்பும் கொத்தனார் கையில் இருக்கும் அதே குண்டுதான். அது பூமியின் மையத்தை நோக்கித் தொங்கும் என்பது பொதுவிதி. ஆனால் அருகில் இமயம் போன்ற ஒரு பெருமலை இருந்தால் அதுவும் குண்டைத் தன்பக்கம் சிறிது இழுக்கும். வேறுபாட்டுக்கு இதுவே காரணமாகலாம் என்று பிராட் கருதினார். மலைத்தொடரின் பருமனை மதிப்பிட்டு, எவ்வளவு இழுத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். வந்த விடை அவரையே திகைக்க வைத்தது. வேறுபாடு 15.885 விகலை இருந்திருக்க வேண்டும். உண்மையில் இருந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு. இமயம், தன் உருவத்துக்குத் தக்கபடி இழுக்கவில்லை!

1855இல் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதற்கு விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் மரத் தெப்பத்தை அவர் உவமையாகக் காட்டினார். நம் கடற்கரையின் கட்டுமரத்தை எண்ணிக்கொள்வோம். ஒரு மரம் மற்றவற்றைவிட நீருக்கு மேலே உயர்ந்து தெரிந்தால், அது தடித்த மரம் என்பதும் நீருக்குள்ளும் ஆழ அமிழ்ந்திருக்கிறது என்பதும் தெளிவு. அவ்வாறே மலையும். எடை குறைந்த பாறையாலான மேலோடு, அதற்குக் கீழுள்ள கனமான பொருளின்மேல் மிதப்பதுபோல் அமர்ந்திருக்கிறது. மேலே உயர்ந்த மலைக்குக் கீழேயும் ஆழ்ந்த வேர் உண்டு. அந்த வேர் இருக்குமிடத்தில் கனமான பொருள் இல்லாததால் இழுவிசை குறைகிறது. பிராட் 1859இல் வேறொரு விளக்கம் தந்தார்: உயரமான பகுதிகளின் அடியில் பாறையே அடர்த்தி குறைந்தது என்றார். இரண்டிலும் உண்மை உண்டு என்றே இன்றைய புவியியல் கருதுகிறது.

இது ஊகத்தோடு நிற்கவில்லை. 1865 முதல் பாசெவி என்னும் அதிகாரி ஊசல்களைச் சுமந்துகொண்டு இந்தியாவெங்கும் ஈர்ப்பின் அளவைச் சோதித்தார். ஊசல் மெதுவாக ஆடினால் அவ்விடத்தில் ஈர்ப்பு குறைவு. 1871இல் லடாக்கின் உயர்ந்த மேட்டில் குளிரில் அளவை எடுத்துக்கொண்டிருந்த நிலையில் அவர் உயிர்நீத்தார். மலைகளின் அடியில் பொருள் குறைவு என்பதை அந்த ஊசல்கள் உறுதிப்படுத்தின. தமிழகத்தில் ஏறத்தாழ 35 முதல் 45 கி.மீ. தடிப்புள்ள மேலோடு, இமய–திபெத் பகுதியில் 70 கி.மீ. வரை ஆழ்ந்திருப்பதை இன்று அறிவோம்.

அதிர்வு சொன்ன செய்தி

மேலோட்டுக்குக் கீழே உள்ளதை அறிய மற்றொரு தூதர் வேண்டியிருந்தது. அதுதான் நிலநடுக்கம். 1897 ஜூன் 12 அன்று அசாமைக் குலுக்கிய பெரும் நடுக்கத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம் ஆராய்ந்தார். தொலைதூரக் கருவிகளில் பதிவான அதிர்வுகளைப் படித்து, விரைந்து வரும் முதன்மை அலை, பின்தங்கி வரும் இரண்டாம் அலை, மேற்பரப்பில் தவழ்ந்து வரும் அலை என மூன்றையும் பிரித்துக் காட்டினார். 1906இல், பூமியின் மறுபக்கத்தை அடையும் அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வருவதைக்கொண்டு, நடுவில் வேறு தன்மையுள்ள ஒரு கருவம் இருப்பதாக நிறுவினார்.

பிறகு மற்றவர்கள் அதன் எல்லைகளை வரைந்தனர். இன்றைய அறிவின்படி மேலோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 2,890 கி.மீ. ஆழம் வரை கவசம் என்னும் பாறைப் பகுதி. அது திடப்பொருளே, ஆயினும் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் மிக மெதுவாக நகரும் தன்மையுடையது. அதற்கும் கீழே 5,150 கி.மீ. வரை உருகிய இரும்பும் நிக்கலும் நிறைந்த வெளிக்கருவம். திசைகாட்டியின் முள்ளை வடக்கு நோக்கித் திருப்பும் காந்தப்புலம் பிறப்பது அங்கேதான். மையத்தில், 1936இல் டென்மார்க் நாட்டு அறிஞர் இங்கே லேமன் என்னும் பெண்மணி கண்டறிந்த திடமான உட்கருவம். கேவண்டிஷின் தராசு சொன்ன கனமான பொருள் இதுவே.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் நிகழ்ந்த 9.1 அளவுள்ள நடுக்கம், காரைக்கால் கடற்கரை ஊர்களில் பல நூறு உயிர்களைக் கொண்டுபோனது. நம் மீனவச் சகோதரர்களின் குடும்பங்களில் அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை. அதே நடுக்கத்தால் பூமி முழுவதும் தட்டிய மணியைப்போல் வாரக்கணக்கில் நுண்ணியதாக அதிர்ந்துகொண்டிருந்தது என்பதையும் கருவிகள் பதிவுசெய்தன. ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் ஒன்று ஹைதராபாத்தில் 2007இல் நிறுவப்பட்டது. அலைகளைப் படிக்கும் அறிவு, உயிர்காக்கும் அறிவாகவும் ஆகியிருக்கிறது.

நமக்குரிய பாடம்

மலைகளுக்கு வேர் உண்டு என்று கேட்டதும் நம்மில் பலருக்கு அந்நபஃ அத்தியாயம் நினைவுக்கு வரும். மலைகளை முளைகளுக்கு ஒப்பிடும் அவ்வசனத்தை ஓதி வளர்ந்தவர்கள் நாம். உள்ளம் நெகிழ்வது இயல்பு. ஆயினும் ஒன்றை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அறிவியலார் ஒன்றைக் கண்டறிந்த பிறகு, அது எங்களிடம் முன்பே இருந்தது என்று சொல்லி மகிழ்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். திருமறைக்கு நம் சான்றிதழ் தேவையில்லை. வானங்களையும் பூமியையும் சிந்தித்துப் பார்க்குமாறு அது நம்மை அழைக்கிறது; அந்த அழைப்புக்கு விடையளிப்பது பேச்சால் முடிகிற காரியமன்று.

மொஹ்சின் ஹுசைன் எந்தக் கோட்பாட்டையும் எழுதவில்லை. பூமியின் உள்ளமைப்பை அவர் கண்டுபிடித்தார் என்று நாம் சொன்னால் அது மிகை. அவர் செய்தது, தம் கையில் வந்த கருவி பொய் சொல்லாதபடி பார்த்துக்கொண்டதுதான். அந்த அளவைகள் எடுக்கப்பட்ட ஆண்டுகளில் கருவிகளைப் பேணியவர்களுள் அவர் ஒருவர். கருவி நம்பத்தகாததாக இருந்திருந்தால், ஐந்து விகலை வேறுபாட்டை எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். மலையின் வேரைத் தேடியிருக்கவும் மாட்டார்கள். அளவு நேர்மையாக இருந்ததால்தான் பிழையெனத் தோன்றியதும் உண்மைக்கு வழிகாட்டியது.

அளவிலும் நிறுவையிலும் குறை செய்வோருக்கான எச்சரிக்கையுடனேயே தொடங்குகிறது அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம். அதை நாம் கடைத்தராசுக்கு மட்டும் உரியதாகக் கொள்கிறோம். பட்டறையில் பித்தளை வட்டத்தில் கோடு கிழிப்பவருக்கும், ஆய்வகத்தில் எண்ணைக் குறிக்கும் மாணவிக்கும், வீடு கட்டத் தூக்குக்குண்டு பிடிப்பவருக்கும் அது பொருந்தும். நில அதிர்வைத் தாங்கும் வகையில் கம்பியும் சிமெண்டும் குறையாமல் வீடு கட்டுவதும் அந்த அமானிதத்தில் அடங்கும். 2001இல் தெருவில் நின்று நடுங்கிய நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளை ஒருநாள் திருவக்கரைக்கு அழைத்துச் செல்வோம். கல்லான மரத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். திரும்பும் வழியில் இந்தக் கதையைச் சொல்வோம். நவாபுகளின் ஊரிலிருந்து சென்று, வாள் எடுக்காமல் அரத்தையும் நுண்கோல்களையும் எடுத்து, உலக அறிவுக்கு ஒரு பங்கு சேர்த்த மனிதரின் பெயர் அவர்கள் நினைவிலாவது நிலைக்கட்டும். தெரிந்ததைத் துல்லியமாகச் சொல்லவும், தெரியாததைத் தேடவும் வல்ல தலைமுறையாக அல்லாஹ் அவர்களை ஆக்குவானாக. மறைவானவற்றை முழுமையாக அறிந்தவன் அவன் ஒருவனே.